தீவுக்கும் தீவுக்கும் நடுவே

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "கவிதை நிறைய வந்திருக்கு சார். பழைய ஹாஸ்டல் நினைவுகளும் வந்திருக்கு. வரலாறு சம்பந்தமா ஒரு கட்டுரைதான் இல்லை. நீங்க எழுதிக் குடுங்க" என்றார் ஜூனியர் தம்பி. நான் படித்தது சிவில் இன்ஜினீயரிங். எனக்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் தயங்கினேன். பிறகு நம் கல்லூரியில் நான் வாங்கிய ஒரு பூஜ்யம் நினைவுக்கு வந்தது. அந்தப் பூஜ்யத்துக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறே இருப்பது வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதையே எழுதுகிறேன்.

இரண்டாம் வருஷம், கணித வகுப்பு. திடீர்த் தேர்வு. பேராசிரியர் கரும்பலகையில் எழுதிய கேள்வி இதுதான்: "ஒரு விமானத்தின் வேகம் 100 நாட். அதில் 20 மணி நேரத்துக்கு எரிபொருள் இருக்கிறது. பின்னாலிருந்து 20 நாட் வேகத்தில் காற்று வீசுகிறது. கடலுக்கு மேலே எவ்வளவு தூரம் வரை போய்விட்டு, புறப்பட்ட இடத்துக்கே பத்திரமாகத் திரும்பலாம்?"

நான் யோசிக்கவே இல்லை. பத்து மணி நேரம் போவது, பத்து மணி நேரம் வருவது. ஆகவே 1,000 கடல் மைல். போகும்போது தள்ளுகிற காற்று வரும்போது தடுக்கும், இரண்டுக்கும் சரியாகப் போய்விடும் என்று ஒரு வரி விளக்கமும் எழுதி, முதல் ஆளாகத் தாளைக் கொடுத்துவிட்டு கேன்டீனுக்குப் போய்விட்டேன். மறுநாள் தாள் திரும்பி வந்தது. பெரிய பூஜ்யம். பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டே வார்த்தை: "காற்று எங்கே?"

சரியான விடையைப் பின்னால் சொல்கிறேன். அதற்குள் ஜூனியர்கள் ஒரு துண்டுத் தாளில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இந்துமகா சமுத்திரத்துக்குப் போவோம்.

எம்டன் மாட்டிக்கொண்ட தீவு

சென்னையிலிருந்து தென்கிழக்கே சுமார் 3,350 கி.மீ. தூரத்தில், சுற்றிலும் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், கொக்கோஸ் (கீலிங்) தீவுகள் இருக்கின்றன. மொத்தம் 27 பவளத் தீவுகள். எல்லா நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்தாலும் 14 சதுர கி.மீ.தான். நிலம் கடல் மட்டத்துக்கு மேல் சில மீட்டர்களே உயர்ந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தெரிவது தரை அல்ல, தென்னை மரத்தின் தலைதான். 1836-ல் சார்லஸ் டார்வின் பீகிள் கப்பலில் இங்கே வந்து பவளப் பாறைகளை ஆராய்ந்து விட்டுப் போனார்.

நம் ஊருக்கும் இந்தத் தீவுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1914 செப்டம்பர் 22-ம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்திய ஜெர்மன் கப்பல் எம்டனைத் தெரியாதவர் யார்? "அவன் பெரிய எம்டன்" என்று இன்றைக்கும் சொல்கிறோம். அந்த எம்டன் மாட்டிக்கொண்டது இந்தக் கொக்கோஸில்தான். அங்கே டைரக்ஷன் தீவில் கடலடித் தந்தி நிலையம் ஒன்று இருந்தது. அதை நாசம் செய்ய 1914 நவம்பர் 9 அன்று எம்டன் ஆட்களை இறக்கியது. தந்தி நிலையத்துக்காரர்கள் அதற்குள் அபாயச் செய்தி அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்து எம்டனை அடித்துக் கரை தட்ட வைத்தது.

கப்பல்காரர்களுக்குத் தந்திக் கம்பி எப்படியோ, அப்படி விமானக்காரர்களுக்கு இந்தத் தீவு. ஆஸ்திரேலியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே உள்ள இந்துமகா சமுத்திரத்தை உலக வரைபடத்தில் பாருங்கள். நீலம்தான். அந்த நீலத்தைத் தாண்ட வேண்டுமானால் கால் வைக்க இரண்டு கல் வேண்டும். கிழக்கே ஒரு கல் கொக்கோஸ். மேற்கே ஒரு கல் மொரீஷியஸ். நம் தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்கிற அதே மொரீஷியஸ்தான். இந்த இரண்டு தீவுகளுக்கும் இடையிலான தூரமும் நேரமும்தான் என் கட்டுரையின் விஷயம்.

தூரம் என்றால் எந்தத் தூரம்?

கொக்கோஸ் விமான நிலையம் தெற்கு அட்சரேகை 12.2 டிகிரியில் இருக்கிறது. மொரீஷியஸின் பிளேசான்ஸ் விமான நிலையம் 20.4 டிகிரியில். தீர்க்கரேகையில் வித்தியாசம் 39 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். கோள முக்கோணக் கணக்குப் போட்டால் தூரம் சுமார் 4,270 கி.மீ. வரும். கடல் மைலில் சுமார் 2,300.

வரைபடத்தில் ஸ்கேல் வைத்து நேர்கோடு போட்டால் அதுதான் குறுக்கு வழி என்று நினைப்போம். உருண்டையின் மேல் அப்படி இல்லை. ஆனால் இந்த இரண்டு தீவும் பூமத்திய ரேகைக்கு ஓரளவு பக்கத்தில் இருப்பதால் ஸ்கேல் கோட்டுக்கும் உண்மையான குறுக்கு வழிக்கும் வித்தியாசம் சுமார் 5 கி.மீ.தான். அதுவே பெர்த்திலிருந்து மொரீஷியஸுக்கு நேராகப் போனால் வித்தியாசம் 60 கி.மீ. அளவுக்கு வந்துவிடும். தெற்கே போகப் போக ஸ்கேல் நம்மை ஏமாற்றும்.

இன்னொரு எச்சரிக்கை, அலகு பற்றியது. கடல் மைல் என்பது 1.852 கி.மீ. தரை மைல் என்பது 1.609 கி.மீ. இதைக் குழப்பினால் என்ன ஆகும்? போர்க்காலத்தில் பெர்த்துக்கும் இலங்கையின் கொக்கலைக்கும் பறந்த விமானங்களைப் பற்றிப் பின்னால் சொல்லப்போகிறேன். அந்தத் தூரம் 3,513 கடல் மைல் என்று சில இடங்களில் அச்சாகியிருக்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருவது சுமார் 5,650 கி.மீ. அதாவது 3,513 தரை மைல். யாரோ ஒருவர் அலகை மாற்றி எழுத, அடுத்தவர்கள் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். 850 கி.மீ. தவறு! அச்சில் இருந்தால் பரவாயில்லை. எரிபொருள் கணக்கில் இருந்தால்?

ஒரு டிகிரி பிசகினால்

தூரம் தெரிந்தால் போதாது, தீவு கண்ணில் பட வேண்டும். 2,300 கடல் மைல் பயணத்தில் திசை ஒரே ஒரு டிகிரி தவறினால் கடைசியில் 40 கடல் மைல், அதாவது சுமார் 74 கி.மீ., தள்ளிப் போயிருப்போம். மொரீஷியஸில் மலை இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் தூரத்திலேயே தெரியும். கொக்கோஸில் தென்னை மரம்தான். மேகத்தின் நிழல் கடலில் விழுந்தால் அதுவும் தீவு மாதிரியே இருக்கும். பத்து நிழலில் எது நிஜத் தீவு என்று தேடிக்கொண்டிருக்கும்போது எரிபொருள் குறைந்துகொண்டே வரும்.

இதற்கு ஒரு அருமையான உபாயத்தைக் கையாண்டவர் பிரான்சிஸ் சிச்செஸ்டர். 1931-ல் நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஒரு சின்ன ஜிப்ஸி மாத் கடல் விமானத்தில் தன்னந்தனியாகக் கிளம்பினார். ஒரே மூச்சில் போக எரிபொருள் போதாது. நடுவே நார்ஃபோக் தீவு, லார்டு ஹவ் தீவு இரண்டிலும் இறங்க வேண்டும். நார்ஃபோக் தீவின் நீளம் 8 கி.மீ. அளவுதான். தவறவிட்டால் கடல்தான். அவர் என்ன செய்தார் தெரியுமா? தீவை நேராகக் குறி வைக்கவே இல்லை. வேண்டுமென்றே ஒரு பக்கமாகத் தள்ளிப் போனார். சூரியனை அளந்து, தீவுக்கு நேர் பக்கவாட்டுக்கு வந்துவிட்டோம் என்று தெரிந்ததும் விமானத்தைத் திருப்பினார். நேராகக் குறி வைத்துத் தீவைக் காணோம் என்றால் அது இடது பக்கமா வலது பக்கமா என்று தெரியாது. தெரிந்தே ஒரு பக்கம் தள்ளிப் போனால், எந்தப் பக்கம் திரும்புவது என்ற சந்தேகமே வராது. தவறைத் தவிர்க்க முடியாது, ஆனால் அது எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று நாம் முடிவு செய்யலாம். சிச்செஸ்டர் இரண்டு தீவையும் கண்டுபிடித்தார். லார்டு ஹவ்வில் புயலில் மூழ்கிய விமானத்தைத் தீவு மக்களின் உதவியோடு திரும்பக் கட்டி மேலே பறந்ததும் தனிக் கதை.

டெய்லரும் ஒரு தெர்மாஸ் பிளாஸ்க்கும்

நம் இந்துமகா சமுத்திரக் கதையின் நாயகன் பி.ஜி. டெய்லர் என்ற ஆஸ்திரேலியர். இவரைப் பற்றி இன்ஜினீயரிங் மாணவர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1935 மே 15 அன்று சிட்னியிலிருந்து நியூசிலாந்துக்குத் தபால் ஏற்றிக்கொண்டு சதர்ன் கிராஸ் விமானம் புறப்பட்டது. ஓட்டியவர் புகழ்பெற்ற கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித். மூன்று இன்ஜின் உள்ள விமானம். நடுக்கடலில், நடு இன்ஜினின் புகைக்குழாய் உடைந்து பறந்து வலது இன்ஜினின் புரொப்பெல்லரில் அடித்தது. வலது இன்ஜின் நிறுத்தப்பட்டது. திரும்பி வரும் வழியில் இடது இன்ஜினில் எண்ணெய் தீர ஆரம்பித்தது. அதுவும் நின்றால் முடிந்தது கதை.

நின்றுபோன வலது இன்ஜினில் எண்ணெய் இருக்கிறது. ஓடுகிற இடது இன்ஜினுக்கு எண்ணெய் வேண்டும். நடுவில் இருப்பது காற்று. டெய்லர் விமானத்தின் பக்கவாட்டில் வெளியே இறங்கி, கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டு போய், செத்த இன்ஜினிலிருந்து எண்ணெயை வடித்து தெர்மாஸ் பிளாஸ்க்கில் பிடித்தார். பிறகு மறுபக்கம் போய் இடது இன்ஜினில் ஊற்றினார். ஒரு தடவை அல்ல, ஆறு தடவை! விமானம் சிட்னிக்குத் திரும்பிச் சேர்ந்தது.

அதே டெய்லர்தான் 1939-ல் இந்துமகா சமுத்திரத்தை விமானத்தில் தாண்ட வழி கண்டுபிடிக்கப் புறப்பட்டார். போர் வரப்போகிறது, சிங்கப்பூர் வழி அடைபட்டால் மாற்று வழி வேண்டும் என்பது அவர் வாதம். அமெரிக்க ஆராய்ச்சியாளர் ரிச்சர்ட் ஆர்ச்போல்டின் "கூபா" என்ற கட்டலினா வகை கடல் விமானம் நியூகினியில் வேலையை முடித்திருந்தது. ஆஸ்திரேலிய அரசு ஏற்பாடு செய்ய, டெய்லர் அதில் ஏறினார். போர்ட் ஹெட்லண்டிலிருந்து கொக்கோஸை நோக்கிக் கிளம்பினார்கள்.

முதல் தடவை கொக்கோஸ் அகப்படவில்லை. மேகமும் மழையும் மூடிக்கிடந்தன. இந்த இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, இன்னும் கொஞ்ச நேரம் தேடுவோம்" என்று அவர்கள் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கவில்லை. வேறு இடத்துக்குப் போக எரிபொருள் மிச்சம் இருக்கும்போதே தேடலைக் கைவிட்டு, ஜாவாவில் படேவியாவுக்குத் திரும்பினார்கள். இன்றைய ஜகார்த்தா. பிறகு மறுபடி கிளம்பிக் கொக்கோஸை அடைந்து, அங்கிருந்து டியகோ கார்சியா, செஷல்ஸ், கடைசியில் ஆப்பிரிக்கக் கரையில் மொம்பாசா. இந்துமகா சமுத்திரத்தை அந்த வழியாக முதன்முதலில் விமானம் தாண்டியது.

இரண்டு சூரியோதயம்

டெய்லர் பயந்தது நடந்தது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த விமானத் தொடர்பு அறுந்தது. 1943-ன் நடுவில் குவாண்டாஸ் கம்பெனியார் ஐந்து கட்டலினா விமானங்களை வைத்துப் பெர்த்திலிருந்து இலங்கையில் காலிக்கு அருகே உள்ள கொக்கலை ஏரிக்கு நேரடியாகப் பறக்க ஆரம்பித்தார்கள். இந்தக் கொக்கலையிலிருந்து கிளம்பிய ஒரு கட்டலினாதான் 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு முன்கூட்டியே எச்சரித்தது.

5,650 கி.மீ. தூரத்தைக் கடக்க 27 முதல் 33 மணி நேரம் ஆகும். ஒரே பயணத்தில் இரண்டு தடவை சூரியன் உதிப்பதைப் பார்க்கலாம். அதனால் "இரட்டைச் சூரியோதயம்" என்றே பெயர் வந்தது. டாங்குகள் முழுக்க எரிபொருள். மிச்ச இடத்துக்கு மூன்றே மூன்று பயணிகள், 69 கிலோ தபால். அவ்வளவுதான். எதிரிக்குக் கேட்டுவிடும் என்பதால் வானொலியைத் திறக்கக் கூடாது. நட்சத்திரத்தைப் பார்த்தே வழி. கிளம்பும்போது பாரம் அவ்வளவு அதிகம் என்பதால், முதல் பல மணி நேரத்துக்குள் இரண்டு இன்ஜினில் ஒன்று நின்றாலும் விமானத்தால் உயரத்தைத் தக்கவைத்துக்கொள்ள முடியாது. எரிபொருள் எரிந்து பாரம் குறைந்த பிறகுதான் கொஞ்சம் நிம்மதி. இப்படி 1945 வரை 271 தடவை கடலைத் தாண்டினார்கள். பயணிகள் ஒருவரைக்கூட இழக்கவில்லை.

அதே 1945-ல் கொக்கோஸின் வெஸ்ட் தீவில் தென்னைகளை வெட்டி பிரிட்டிஷ் விமானப்படை ஒரு ஓடுதளம் போட்டது. போர் முடிந்ததும் அது சும்மா கிடந்தது. பிறகு ஆஸ்திரேலிய விமானப்படையின் கட்டுமானப் பிரிவினர் அதைப் புதுப்பித்தார்கள். 1952 செப்டம்பர் முதல் தேதி, குவாண்டாஸின் கான்ஸ்டலேஷன் விமானம் சிட்னியிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குத் தன் சேவையைத் தொடங்கியது. பெர்த்திலிருந்து கொக்கோஸ் சுமார் 2,940 கி.மீ. கொக்கோஸிலிருந்து மொரீஷியஸ் 4,270 கி.மீ. மொரீஷியஸிலிருந்து ஜோகன்னஸ்பர்க் சுமார் 3,070 கி.மீ. நடுவில் உள்ளதுதான் மூன்றிலும் நீளமானது, மூன்றிலும் தனிமையானது. "வாலபி வழி" என்று இதற்குப் பெயர். 1957-ல் தென்னாப்பிரிக்க விமானக் கம்பெனியும் இதே வழியில் பறக்க ஆரம்பித்தது.

நேரம் என்றால் எந்த நேரம்?

250 நாட் வேகத்தில் ஒரு விமானம் கொக்கோஸிலிருந்து மொரீஷியஸுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லை என்றால் 9 மணி 12 நிமிடம். கொக்கோஸ் கடிகாரம் நம் இந்தியக் கடிகாரத்துக்கு ஒரு மணி முன்னால் ஓடும். மொரீஷியஸ் கடிகாரம் ஒன்றரை மணி பின்னால். காலை 6 மணிக்குக் கிளம்பினால் மதியம் 12.42-க்கு இறங்கிவிடலாம். கடிகாரம் 6 மணி 42 நிமிடம் என்று சொல்லும், இடுப்பு 9 மணி நேரம் என்று சொல்லும்!

இப்போது காற்றைச் சேர்ப்போம். தாழப் பறக்கும்போது அந்தக் கடலில் தென்கிழக்குத் தடக்காற்று மேற்கே போகிறவரைத் தள்ளிவிடும். 30 நாட் பின்காற்று என்று கொண்டால் போக 8 மணி 13 நிமிடம். அதே காற்றில் திரும்பி வர 10 மணி 27 நிமிடம். கூட்டினால் 18 மணி 40 நிமிடம். காற்றில்லாமல் போய் வந்தால் 18 மணி 24 நிமிடம்தான். பதினாறு நிமிடம் எங்கே போயிற்று? காற்று நமக்கு உதவுகிற நேரம் குறைவு, தடுக்கிற நேரம் அதிகம். அதனால் இரண்டும் ஒருபோதும் சரிக்குச் சரியாகப் போகாது. நான் அன்றைக்கு எழுதிய ஒரு வரி விளக்கத்தின் லட்சணம் இதுதான்.

பூஜ்யத்துக்கு விடை

இனி பேராசிரியரின் கேள்விக்கு வருவோம். போகும்போது வேகம் 100-உம் 20-உம் சேர்ந்து 120 நாட். திரும்பும்போது 100-ல் 20 போக 80 நாட். எவ்வளவு நேரம் போகலாம்? மொத்த நேரத்தைத் திரும்பும் வேகத்தால் பெருக்கி, இரண்டு வேகத்தின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 20-ஐ 80-ஆல் பெருக்கி 200-ஆல் வகுத்தால் 8 மணி. எட்டு மணி நேரத்தில் போகிற தூரம் 960 கடல் மைல். திரும்ப 80 நாட் வேகத்தில் 12 மணி நேரம். ஆக 20.

நான் எழுதியது 1,000. நாற்பது மைல்தானே தவறு என்று நினைக்காதீர்கள். அந்த விமானம் தரைக்கு 90 மைல் முன்னாலேயே கடலில் விழுந்திருக்கும். என் கணக்குப்படி 1,000 மைல் போக 8 மணி 20 நிமிடம் ஆகும். திரும்ப மிச்சம் 11 மணி 40 நிமிடம். 80 நாட் வேகத்தில் அதற்குள் 933 மைல்தான் வரலாம். இன்னும் 67 மைல் பாக்கி. "பத்து மணி நேரம் போகலாம்" என்று நான் எழுதியதை அப்படியே நம்பினால் இன்னும் மோசம். 1,200 மைல் போய்விட்டு 800 மைல்தான் திரும்ப முடியும். (90 மைல் என்றேன் அல்லவா? மேலே போட்ட கணக்கைப் பார்த்ததும் அது தவறு என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். 67 தான் சரி. முதலில் மனக்கணக்காக எழுதிய 90-ஐ அடிக்காமல் விட்டிருக்கிறேன். இன்றைக்கும் எனக்குச் சிவப்பு மை தேவைப்படுகிறது.)

ஒரு வேடிக்கையும் உண்டு. காற்று எதிர்க்காற்றாக இருந்தால்? போகும்போது 80, வரும்போது 120. பன்னிரண்டு மணி நேரம் போகலாம். தூரம் அதே 960! காற்று எந்தப் பக்கம் அடித்தாலும், திரும்பக்கூடிய தூரத்தை அது குறைக்கத்தான் செய்யும். இந்த இடத்துக்கு விமானிகள் வைத்திருக்கும் பெயர் "திரும்ப முடியாத புள்ளி". அது பாதி வழி அல்ல. அந்தப் புள்ளியைத் தாண்டுகிற நேரத்தில் எந்த மணியும் அடிக்காது, எந்த விளக்கும் எரியாது. கடல் அப்படியேதான் இருக்கும். கணக்குப் போட்டு வைத்திருப்பவனுக்கு மட்டும்தான் அது தெரியும்.

நார்ஃபோக்கில் ஒரு இரவு

இதெல்லாம் பழைய காலம், இப்போதுதான் செயற்கைக்கோள் இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கு 2009 நவம்பர் 18-ல் நடந்ததைச் சொல்கிறேன். சமோவாவின் ஆப்பியாவிலிருந்து ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன ஜெட் விமானம் கிளம்பியது. நடுவே நார்ஃபோக் தீவில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டும். சிச்செஸ்டர் தேடிப்போன அதே தீவு. தூரம் சுமார் 2,670 கி.மீ. டாங்க் முழுக்க நிரப்பவில்லை. கிளம்பும்போது வானிலை அறிக்கை நன்றாக இருந்தது. வழியில் அது மோசமாகிக்கொண்டே வந்தது. வேறு இடத்துக்குத் திரும்பக்கூடிய நேரம் கடந்துபோனது. இரவில் நார்ஃபோக்குக்கு மேலே வந்தபோது மேகம் தரை வரை இறங்கியிருந்தது. நான்கு முறை இறங்க முயன்றும் ஓடுதளம் தெரியவில்லை. எரிபொருள் தீருமுன் இருட்டில் கடலிலேயே இறக்கினார்கள். விமானம் மூழ்கியது. உள்ளே இருந்த ஆறு பேரும் வெளியே வந்து மிதந்தார்கள். தீவிலிருந்து படகு வந்து ஆறு பேரையும் உயிரோடு கரை சேர்த்தது.

இந்த விபத்தை ஆஸ்திரேலிய விசாரணை அமைப்பு ஒரு தடவை விசாரித்து 2012-ல் அறிக்கை தந்தது. அது போதாது என்று எதிர்ப்பு வந்ததால் மறுபடி விசாரித்து 2017-ல் இன்னொரு அறிக்கை தந்தது. கருவி எல்லாம் இருந்தது. தீவு எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தது. 1939-ல் கூபாவில் இருந்தவர்களுக்குத் தீவு எங்கே என்றே சரியாகத் தெரியவில்லை. ஆனால் எப்போது கைவிட வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

தனித் தீவுக்குப் போகிற ஜெட் விமானம், மாற்று விமான நிலையம் இல்லாவிட்டால், போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு மணி நேரம் பறக்கத் தேவையான எரிபொருள் வைத்திருக்க வேண்டும் என்ற சர்வதேச விதி சும்மா வந்ததல்ல. இரண்டு இன்ஜின் விமானம் ஒரு இன்ஜினில் 60 நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்டும்படியே பறக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1953-ல் விதி வந்தது. 1985-ல் அதை 120 நிமிடமாகத் தளர்த்தினார்கள், பிறகு 180 ஆயிற்று. அந்த நிமிடக் கணக்கில்தான் கொக்கோஸ் மாதிரித் தீவுகள் இன்றும் பயன்படுகின்றன. மேலே போகிற விமானத்துக்கு ஆபத்து என்றால் இறங்க அங்கே ஒரு ஓடுதளம் இருக்கிறது.

கொக்கோஸிலிருந்து மொரீஷியஸுக்கு இன்று பயணிகள் விமானம் கிடையாது. ஜெட் வந்ததும் விமானங்கள் பெர்த்திலிருந்து நேராகப் பறக்க ஆரம்பித்துவிட்டன. இப்போது கொக்கோஸ்காரர் மொரீஷியஸ் போக வேண்டுமானால் முதலில் கிழக்கே பெர்த் போய், அங்கிருந்து 5,900 கி.மீ. மேற்கே திரும்பி வர வேண்டும். மொத்தம் 8,800 கி.மீ.க்கு மேல். 1952-ல் இருந்த தூரத்தைப் போல இரண்டு மடங்கு!

என் சொந்தப் புள்ளி

இதை ஏன் நம் மலரில் எழுதுகிறேன்? வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு கட்டடத்தின் அடித்தளத்துக்கு கான்கிரீட் போடும் பொறுப்பு எனக்கு. நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் போட வேண்டிய வேலை. மூன்றில் ஒரு பங்கு முடிந்தபோது கலவை மெஷின் தகராறு செய்ய ஆரம்பித்தது. வானமும் கறுத்தது. அந்த இடத்தில் ஒழுங்காக ஒரு இணைப்பு வைத்து நிறுத்தியிருக்கலாம். "பாதிக்கு வந்துட்டோம், முடிச்சிடலாம்" என்று நான்தான் சொன்னேன். பாதியைத் தாண்டியதும் மெஷின் நின்றது, மழை கொட்டியது. நிறுத்தக் கூடாத இடத்தில் நின்றது. பிறகு அதை உடைத்து எடுத்தோம். யாருக்கும் அடிபடவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல். அன்றிரவு சைட் ஆபீஸில் நனைந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தச் சிவப்பு மைதான்.

அடுத்த லீவில் பேராசிரியரைத் தேடிப் போய்ச் சொன்னேன். ஓய்வு பெற்றிருந்தார். சிரித்துக்கொண்டே, "கணக்கு வரலேன்னு உனக்குப் பூஜ்யம் போடலைப்பா. முதல் ஆளா எழுந்து போனியே, அதுக்குத்தான் போட்டேன்" என்றார்.

மாணவ மணிகளே, எந்த வேலையை ஆரம்பித்தாலும் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று எல்லாரும் எழுதி வைப்பார்கள். எந்த இடம் வரை திரும்பலாம் என்பதையும் கிளம்புமுன்பே எழுதி வையுங்கள். கிளம்பின பிறகு அதைக் கணக்குப் போட மனசு விடாது. கூபாவில் போனவர்கள் அப்படி எழுதி வைத்திருந்ததால்தான் திரும்பினார்கள், திரும்பினதால்தான் மறுபடி போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த மலருக்காக எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் பேராசிரியருக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். இதிலும் ஏதாவது காற்று விட்டுப் போயிருந்தால் சிவப்பு மையில் எழுதி அனுப்புவார். நம் கல்லூரிக்கும், அங்கே எனக்குப் பூஜ்யம் போட்டவருக்கும் என் வணக்கம்.